கழுகக்கா பார்த்த வெள்ளி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்பில் கடுகளவு கறை இருந்தாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவித் தப்ப முடியாது என்பார்கள். பெயரை வாங்கிவிடலாம், காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு வருடமாக அவளுக்குக் கண்ணில் புரை. சுத்தமான விரிப்பும் வெள்ளையாகத் தெரிகிறது, கறை பட்டதும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண் தெரியாதவளை வேலையில் வைத்துக்கொள்ள சூப்பர்வைசருக்கு என்ன தலையெழுத்தா? மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீடு என்றால் கொழுந்தன் வீடு. புருஷன் போன பிறகு அதன் பின்னறையில் ஒண்டியிருக்கிறாள். வேலைக்குப் போய் வருகிறவரை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சும்மா இருந்து சாப்பிடுவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

இதில் கொடுமை, மடிக்கும் மேசையில் அவளுக்கு ஜோடியே அந்த வீட்டுக்காரிதான். ஓரகத்தி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுவார்கள். கழுகக்கா பார்த்து “சரி” என்றால் முனையோடு முனை சேர்த்து மடிக்கலாம். “கறை” என்றால் மறுபடி துவைக்கப் போகும். தரையில் விழுந்த விரிப்பும் அப்படியே துவைக்கத்தான் போகவேண்டும், அங்கே அது சட்டம். கொஞ்ச நாளாக, கழுகக்கா “சரி” என்ற பிறகும் ஓரகத்தி சில விரிப்புகளை வெடுக்கென்று இழுக்கிறாள். பிடி நழுவி விரிப்பு தரையில் விழுகிறது. தனக்குக் கையில் தெம்பில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் இந்த வேலை என்று கழுகக்கா உள்ளுக்குள் வைது தீர்த்தாள்.

அன்று சாயங்காலம் பிறைக்குப் பின்னால் வெள்ளி மறையப்போகிறது என்று செய்தியில் சொன்னார்களாம். சூப்பர்வைசர் எல்லோரையும் துணி காயும் மொட்டைமாடிக்கு வரச் சொன்னார். நின்று நின்று கழுகக்காவுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. படியிலேயே உட்காரப் பார்த்தாள்.

“நீங்க இல்லாமலா?” என்றார் சூப்பர்வைசர். “மறையுறப்ப நீங்கதான் சொல்லணும்.”

மேலே போய்ப் பார்த்தாள். வானத்தில் சுண்ணாம்பை இழுவிவிட்டதுபோல ஏதோ வெளிறித் தெரிந்தது. அதுதான் பிறையாக இருக்கவேண்டும். வெள்ளி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. “நெருங்கிடுச்சு, நெருங்கிடுச்சு” என்று மற்றவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டாள். வெள்ளி முதலில் பிறையைத் தொடும், பிறகு மறையும், அப்போது எல்லோரும் கத்துவார்கள்.

ஆனால் வெளிச்சமாகத் தெரிகிற கீற்று மட்டுமா நிலா? தெரியாத இருட்டுப் பக்கமும் நிலாதான். வெள்ளி போய் அந்தப் பக்கத்தில் இடித்தது. பிறையைத் தொடும் முன்பே, வெறும் வானம்போல் இருந்த இடத்தில், பொசுக்கென்று காணாமல் போயிற்று. பார்த்தவர்களுக்குப் பேச்சே வரவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கழுகக்கா நினைத்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்கு. பிறையைத் தொடல” என்றாள் அழுத்தமாக.

சூப்பர்வைசர் திரும்பினார். “அது அப்பவே போயிடுச்சே. உங்களுக்குத் தெரியுதா?”

 எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

“எனக்கும் இருக்குற மாதிரிதான் தெரியுது” என்றாள் பக்கத்திலிருந்த ஓரகத்தி.

“சரியாப்போச்சு. ரெண்டு பேருக்கும் கண்ணு அவுட்டா? நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் மேசைக்கு வந்தா போதும்.”

கீழே வந்து இரண்டு பேரும் மிச்ச விரிப்புகளை எடுத்தார்கள். மூன்றாவதை ஓரகத்தி வெடுக்கென்று இழுத்தாள், அது விழுந்தது. கழுகக்கா குனிந்து எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

“விழுந்ததெல்லாம் இப்படித்தானா?”

“பின்ன? சும்மா தள்ளிவிட எனக்கென்ன பைத்தியமாக்கா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.”

கழுகக்கா விரிப்பைத் துவைக்கும் கூடையில் போட்டாள். இத்தனை நாளாக மனதுக்குள் இவளை வைத வசவெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள். “ஆபரேஷன்னு சொல்லுவாங்க. ஒரு மாசமாவது வீட்ல உக்காரணும்.”

“உக்காருங்க. உக்காந்தா வீடு தேஞ்சா போயிடும்?” எரிச்சலாகத்தான் சொன்னாள் ஓரகத்தி. அவள் பேச்சே அப்படித்தான்.

தெருமுனையில் நின்று மேலே பார்த்தவள், “அக்கா, வெள்ளி அந்தப் பக்கமா வெளிய வந்துடுச்சு” என்றாள்.

ஆமா ஆமா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கழுகக்கா அதை விழுங்கினாள்.

“எங்க?” என்றாள். “எனக்குத் தெரியல.”