பதினெட்டு முறை எழுதிய முதல் பக்கம்

1966-ம் வருடம், பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மகள் எட்டாம் வகுப்பு படித்த பள்ளியில் அன்று மாலை ஆறு மணிக்கு ஆண்டு விழா. நாடகத்தில் அவளுக்கு ராணி வேஷம். ஒரு மாதமாக வீட்டில் எங்களுக்கெல்லாம் கட்டளைதான்!

அந்த நாடகப் புத்தகம் அவளுடைய டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் எல்லோரும் படிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். நான் தமிழ் டைப்பிஸ்ட். "குடுங்க டீச்சர், நான் ஸ்டென்சில் வெட்டித் தர்றேன்" என்று பெருமையாக வாங்கி வந்தேன். நான் அடித்துத் தந்த மெழுகுத் தாள்களைச் சைக்ளோஸ்டைல் மெஷினில் போட்டுப் பள்ளியில் பதினெட்டுப் பிரதிகள் ஓட்டினார்கள். முதல் பக்கத்தை மட்டும் நான் அடிக்கவில்லை. அதில் வசனம் எதுவும் இல்லை, ஒரு ஸ்டென்சில் வீண்தானே என்று விட்டுவிட்டேன்.

விழா அன்று காலை தலைமையாசிரியை மூலப் புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். நாடகத்தைப் படியெடுக்கவோ நடிக்கவோ நாடகாசிரியரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று அந்த முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. டீச்சரும் அதைக் கவனிக்கவில்லை. அனுமதிக் கடிதம் வராவிட்டால் நாடகம் கிடையாது என்றுவிட்டார் தலைமையாசிரியை. டீச்சர் விளக்கம் எழுதித் தர வேண்டும். பாவம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். மகள் அந்தப் புத்தகத்தோடும் தன் பிரதியோடும் அழுதுகொண்டே என் ஆபீசுக்கு ஓடி வந்து சொன்னாள்.

நல்லவேளை, அதே பக்கத்தில் நாடகாசிரியரின் சிதம்பரம் விலாசம் இருந்தது. லீவு சொல்லிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. சிதம்பரத்துக்குச் சற்று முன்னே வரும் வெள்ளாற்றுப் பாலம் வரை நின்றுகொண்டே போனேன்.

நாடகாசிரியரும் ஒரு பள்ளி வாத்தியார்தான். வீட்டில் இருந்தார். பிரதியைப் புரட்டிப் பார்த்தார்.

"பூரா நாடகத்தையும் அடிச்சிருக்கீங்க. எம் பேரு இருந்த பக்கம் மட்டும் ஒங்களுக்குப் பாரமாப் போச்சா சார்?"

ராணி வேஷம் என் மகளுக்கு, தப்பு என்னுடையது, டீச்சருடையது இல்லை என்றேன். எத்தனை காப்பி என்று கேட்டார். சொன்னேன். ஒரு நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"அந்த மொதப் பக்கத்தப் பதினெட்டு தடவ எழுதுங்க. ஒவ்வொரு காப்பியிலயும் ஒரு தாள குண்டூசியால குத்தணும். அப்பறம் லெட்டர் தர்றேன்."

நாற்பத்தாறு வயதில் இம்போசிஷன்! மூன்று மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, அவருக்கு வேர்த்து ஊத்துது. விடுங்களேன்."

"நீ மோர் குடு. அவுரு எழுதுறத நிறுத்த வேணாம்."

முதலில் எரிச்சல்தான். பத்தாவது தாளில்தான் உறைத்தது: அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்து அடித்திருந்தும் அவர் பெயரை நான் மனதில் வாங்கவே இல்லை.

எழுதி முடித்ததும் கடிதம் தந்தார். மணியைப் பார்த்தவர் சைக்கிளை வெளியே எடுத்தார். "பின்னால ஏறுங்க சார். பஸ்ஸ விட்டா எம் ராணி அழுவா!" மூச்சிரைக்க மிதித்து என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஆறடிக்கக் கால் மணி இருக்கும்போது பள்ளிக்குள் ஓடினேன். டீச்சர் கடிதத்தை வாங்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் ஓட, நான் பதினெட்டுத் தாள்களையும் பிரதிகளில் குத்தினேன். தலைமையாசிரியையே மேடையில் நாடகாசிரியர் பெயரை வாசித்தார். திரை விலகியது!

நாடகம் முடிந்து, தன் பிரதியிலும் மற்றவர்கள் பிரதிகளிலும் ஒரே பக்கத்தை எழுதிக் குத்தியிருப்பதைப் பார்த்த மகள், "அப்பா, இது ஒங்க கையெழுத்தாச்சே! என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள்.

அவர் மட்டும் அன்று வீட்டில் இல்லாதிருந்தால் அந்த டீச்சரின் கதி என்ன என்று நினைத்தால் இன்றும் படபடக்கிறது. ஒருவர் யோசித்து யோசித்து எழுதியதை எடுத்துக்கொண்டு, எழுதினவரைக் கழித்துவிட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லையே!