பாண்டியம்மா தோண்டி எடுத்த டப்பா

என் கணவர் மல்லிகைத் தோட்டத்தில் நுரை தள்ளிச் சுருண்டு விழுந்தபோது, நான் முதலில் அவர் வாயைத்தான் முகர்ந்து பார்த்தேன். ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவர் குடிப்பதில்லை. சபையில் நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். நான் மட்டும் தினமும் முகர்ந்து பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. இங்கே யாராவது சாட்சி சொன்னாலும், ‘இதில் எம்புட்டு நெசமோ’ என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் என்னையும் உடனே நம்ப வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் இருவரும் சிறுவயதிலிருந்தே கூலி வேலைதான். நடவு, களையெடுப்பு, இப்போது பூப்பறிப்பு. வில்லாபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டம். போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம், பூவுக்கு ஏகக் கிராக்கி. விடியும்போதே மொட்டுப் பறிக்க இறங்கினோம். செடியெல்லாம் ஈரமாக இருந்தது.

“பனிதேன். பறிங்க, பறிங்க,” என்று தோட்டத்து முதலாளி அவசரப்படுத்தினார்.

பூப்பறிக்கிறவர்கள் இடுப்பில் துணியை மடியாகக் கட்டி அதில்தான் மொட்டைப் போடுவோம். நான் மடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக் கட்டுவேன். பனியைக்கூட நான் நம்புவதில்லை. என் கணவரோ சட்டையில்லாத உடம்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் சொன்னால் கேட்டால்தானே.

வெயில் ஏறியதும் விழுந்தார். வியர்வையில் குளித்திருந்தார், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் சாராய வாடை இல்லை. ஆனால் ஈரத்துண்டிலிருந்து ஒரு நெடி வந்தது. பூச்சி மருந்து.

“மருந்து அடிச்சீகளா?” என்று கத்தினேன்.

“வேப்பெண்ணெய்தேன் அடிச்சோம். இது வெயில் மயக்கம். மோரைக் குடு,” என்றார் முதலாளி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் துண்டை அவிழ்த்து ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, என் கணவரை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே ஊசி போட்டார். “எந்த மருந்துன்னு தெரிஞ்சா நல்லதும்மா. டப்பா கிடைக்குமா?” என்று கேட்டார். முதலாளிக்கு போன் போட்டேன். திரும்பவும் வேப்பெண்ணெய் என்றார். அப்புறம் போனையே அணைத்துவிட்டார். உள்ளே என் கணவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். “ஆண்டவரே, அந்தத் தோட்டத்தில் உண்மை பேச ஒரு ஆள்கூடவா இல்லை? ஒருத்தரை அனுப்பும்,” என்று ஜெபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன். ஜெபிக்கும்போதே, ஆண்டவர் கேட்கிறாரா இல்லையா என்று ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் வந்தது யார் தெரியுமா? பாண்டியம்மா. தோட்டத்துக் காவல்காரரின் மனைவி. முதலாளியின் மோட்டார் ரூமில்தான் குடியிருந்தாள். அவர் கண்ணசைத்தால் ஓடுகிறவள் என்று எனக்கு அவளை ஆகாது. கை நிறைய மண். முந்தானைக்குள் ஒரு டப்பா.

“அக்கா, நேத்துச் சாயங்காலம் இதைத்தேன் அடிச்சாக. நீங்க கெளம்புனதும் குழியில போட்டு மூடச் சொன்னாரு. தோண்டி எடுத்தாந்துட்டேன்.”

நான் கையை நீட்டவில்லை. “ஒன்ன யாரு அனுப்புனா?”

“யாரும் அனுப்பலக்கா.”

“வேற டப்பாவக் குடுத்து விட்டாரா? உண்மையச் சொல்லு.”

அவள் அழுதுவிட்டாள். “இனி அந்த ரூமுக்கு நாங்க எப்பிடிக்கா போவோம்? வேற போக்கிடம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நம்புங்கக்கா.”

டப்பா மாறியிருந்தால் வைத்தியமும் மாறிப்போகும். போவது என் கணவர் உயிர். நம்பவா, வேண்டாமா என்று ஆண்டவரிடமே கேட்டேன். குரல் எதுவும் கேட்கவில்லை. மடியில் இருந்த பை மட்டும் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்து டப்பாவை முகர்ந்தேன். பையை அவிழ்த்துத் துண்டை முகர்ந்தேன். அதே நெடி! இரண்டையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் டப்பாவைப் படித்துப் பார்த்தார். “இப்ப சந்தேகமே இல்லை,” என்று சொல்லி மளமளவென்று ஆக வேண்டியதைப் பார்த்தார். மறுநாள் என் கணவர் கண் திறந்து, “பறிச்ச பூ என்னாச்சு?” என்று கேட்டார். அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். அன்றிலிருந்து நான் அவர் வாயை முகர்வதில்லை.

பாண்டியம்மா பயந்தபடியே நடந்தது. அன்று மாலையே அவர்களுடைய சாமான்களை முதலாளியின் ஆட்கள் வெளியே வீசிவிட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். அவளும் எங்களோடு பூப்பறிக்க வருகிறாள். எந்தத் தோட்டம் ஆனாலும் முதலில் இலையைக் கிள்ளி முகர்வோம். நெடி அடித்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் உள்ளே இறங்குவதில்லை. முதலாளிகள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

சந்தேகக்காரிக்கு ஜெபம் பலிக்காது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சந்தேகம் போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இருக்கிற மனசோடு அவரிடம் போங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடிக்காதவராக இருக்கலாம். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நேற்றுத் தோட்டத்தில் பாண்டியம்மா தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தாள். “மோந்து பாத்துட்டே குடிங்கக்கா,” என்று சிரித்தாள். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, முகராமலே வாங்கிக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள்.