சால்மன் மேல் வெல்லப் பாகு

எங்கள் வீட்டில் வெல்லத்துக்கு நிரந்தர இடம் கிடையாது. அரிசி டிரம்முக்குள், பீரோவுக்குப் பின்னால், ஒரு தடவை கிரைண்டருக்குள்ளே என்று மாற்றி மாற்றி ஒளித்து வைப்பேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. ஆனால் மனுஷனுக்கு மூக்கு அப்படி. எங்கே வைத்தாலும் கண்டுபிடித்து, ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல டிவி பார்ப்பார். "யோவ், வாயத் தொற!" என்று நான் போடும் சத்தம் முதலியார்பேட்டையில் பாதிக்குக் கேட்கும். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று, "அண்ணன் மாட்டிக்கிட்டாரு டோய்" என்று சிரிப்பாள்.

போன சித்திரையில் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தோம். கடைசியாகப் போன அன்று டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஸ்கேனைக் காட்டி என்னென்னவோ சொன்னார், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முடிவில் சொன்னதுதான் ஏறியது.

"இனிமே பத்தியமெல்லாம் வேணாம்மா. அவர் ஆசைப்பட்டதக் குடுங்க."

எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான். மகள் என் கையை இறுக்கிப் பிடித்து, "அப்பாவுக்குத் தெரியக் கூடாதும்மா" என்றாள். தெரிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். என் மாமனாரிடம் இப்படித்தான் யாரோ ஒரு கட்டையில் போவான் வாய் தவறி உளறிவிட்டான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. இவர் உடம்பில் ஓடுவதும் அதே ரத்தம். அதனால் தெரியக் கூடாது, எது நடந்தாலும் தெரியக் கூடாது.

வெளியே வந்ததும், "என்னாவாம்?" என்றார்.

"மருந்த மாத்தியிருக்காங்கப்பா" என்றாள் மகள். அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

மறுநாளே அவர் வாயைத் திறந்து கேட்டார். பீச்சுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து போகும் ஓட்டலில் தட்டு பரிமாறியவர் அவர். ஊரெல்லாம் சால்மன் என்று சொல்லும் மீனை, பாரிசில் பிறந்தவர் மாதிரி 'சோமோன்' என்பார். "அந்த மீன எத்தினி பேருக்குக் கொண்டுபோய் வெச்சிருப்பேன், ஒரு வாய் தின்னதில்ல. செஞ்சு தரியா? மேல தேன் பாகு ஊத்துவான், பளபளன்னு இருக்கும்."

"சரிங்க" என்றேன்.

மகள் ஆர்டர் போட்டு, ஐஸ் பெட்டியில் இரண்டு துண்டு வந்து சேர்ந்தது. மீன் என்றே சொல்ல முடியாது, பப்பாளிப் பழ நிறம். அந்த நேரம் பார்த்து, வீராம்பட்டினத்திலிருந்து தினமும் வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள்.

"யக்கா, சங்கரா இருக்கு, பாக்கறியா?"

"இன்னைக்கு வேணாம். வெளிநாட்டு மீனு வாங்கியாச்சு."

"ஐயே, பெரிய எடம்தான் போ!" என்று சிரித்தாள். "யாருக்கு, அண்ணனுக்கா? அவரே கேட்டாரா?"

ஆமாம் என்றேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, தினமும் சொல்லும் 'வரேங்க்கா'வைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மீனைத் தேய்க்கப் போனேன். "ஏய், அத அப்படித் தேய்க்காதடி, சதை பிஞ்சிடும்" என்று குரல் வந்தது. கூடத்துக் கட்டிலில் படுத்தால் அடுப்படி முழுக்கத் தெரியும். அவர் சொன்னபடி துணியால் ஈரத்தை ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, தோசைக்கல்லில் தோல் கீழே இருக்கும்படி வைத்தேன். புளி இல்லாமல், மிளகாய் இல்லாமல் இது என்ன கண்றாவிச் சமையல் என்று திட்டினேன். மனசுக்குள்தான்.

தேன் வீட்டில் இல்லை. அரிசி டிரம்மில் கையை விட்டு வெல்லத்தை எடுத்தேன். தட்டிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, நசுக்கிய பூண்டும் ஒரு கரண்டி சோயா சாசும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். பாகு கெட்டியானதும் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மீன் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. மேலே பாகை ஊற்றியதும் வீடெல்லாம் வாசனை. மகள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அதைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார்.

"நல்லாருக்குடி. வெல்லம் டிரம்லதான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

விரலால் பாகைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தபடியே பேசினார். "அம்மாம் வெல்லத்தையும் என் கண்ணு முன்னாடியே எடுத்துப் போட்ட. ஒரு வார்த்த திட்டல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து என்னை யோவ்னு கூப்புடவே இல்ல." நிமிர்ந்தார். "டாக்டரு என்னா சொன்னாரு?"

"அவரு என்னா சொல்லுவாரு? யோவ், போதும் தின்னது, குடு தட்ட! நாளையிலேர்ந்து வெல்லத்தக் கண்ணுல காட்ட மாட்டேன்" என்று கத்தினேன். அந்தச் சத்தம் எனக்கே பொய்யாகக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் மறுக்காமல் தட்டை என் கையில் கொடுத்தார். "சரிடி" என்றார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மீன் பதமாகத்தான் வெந்திருந்தது. உப்பு, புளிப்பு, பாகு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சண்டை போடத்தான் மறந்துபோனேன்.