வார்டன் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

குக்கரின் அடியில் பிடித்த சோற்றை வார்டன் அக்காதான் சுரண்டுவார். மற்ற பாத்திரங்களுக்கு முறை வைத்திருந்தோம். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணைகூட ஒட்டியிருந்தது. குக்கரை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

"நீங்க தேய்க்கிறது பாத்திரத்தைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கு. தள்ளுங்கடி."

படிக்கப் போன நாட்டில் மூன்று பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம்: நான், தூங்குமூஞ்சி, வார்டன் அக்கா. அக்கா எங்களைவிட ஐந்து வயது மூத்தவர், மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். இரண்டே பேரை வைத்துக்கொண்டு ஒரு விடுதியையே நடத்தினார். தூங்குமூஞ்சியின் அலாரம் அடித்தால் அவள் தவிர மற்ற எல்லோரும் எழுந்துவிடுவோம். போர்வையை உருவுவது வார்டன் அக்காவின் பொறுப்பு.

"எழுந்திருடி. உங்க புரொஃபசர் கனவுலயா வந்து பாடம் எடுப்பார்?"

"வந்தார்க்கா. அங்கயும் தூங்கிட்டேன்."

ஞாயிறு காலை வீட்டுக்குப் பேசும் நேரம். எங்களிடம் சுத்தமாக இருந்தது ஒரே ஒரு சுவர். அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, கம்ப்யூட்டரை வைத்து, முறைபோட்டுப் பேசுவோம். எதிரே கட்டிலில் துவைத்த துணி மலையாகக் கிடக்கும். காமிரா அந்தப் பக்கம் திரும்பாது. மூன்று அம்மாக்களும் நாங்கள் கண்ணாடி போல வீட்டை வைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். இன்று என் வீட்டில் எல்லாச் சுவர்களும் சுத்தம்தான். ஆனால் பேசுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்திச் சிரிக்க ஆளில்லை.

அக்காவின் படிப்பு முடிந்த சமயம். அதே நாட்டில் வேறொரு நகரத்தில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. அவர் ஆசைப்பட்ட வேலை. ஆனால் படிப்பு முடிந்த கையோடு ஊருக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவர். அப்பா இல்லை; அம்மா ஐந்து வருடமாகத் தனியாக இருந்தார். அக்கா மூன்று ஞாயிறுகள் வேலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, மூன்று முறையும் அங்கே வெயில் எப்படி என்று கேட்டு முடித்துக்கொண்டார்.

நாலாவது வாரம் தப்பு செய்தது நான். அக்கா புதிய ஊருக்காகப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். நடக்க இடமில்லையே என்று சனிக்கிழமை அவற்றைத் தூக்கி, அந்தச் சுவரோரம் அழகாக அடுக்கிவிட்டேன். எனக்குச் சுவர்தான் நினைவிருந்தது, காமிரா நினைவில்லை.

மறுநாள் திரையில் அக்காவின் அம்மா முகம் வந்ததும் வராததுமாக,

"அடியே! பெட்டி கட்டிட்டியா? சொல்லவே இல்லையே! திடுதிப்புன்னு வந்து நிக்கலாம்னு பார்த்தியா?"

அக்கா திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, அது வந்து..."

"நீ மட்டும்தான் மறைப்பியா? நானும் ஒண்ணு மறைச்சு வச்சிருக்கேன்." அம்மா செல்போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூரை, கதவு, விசிறி எல்லாம் ஆடிக்கொண்டே வந்து, கடைசியில் படம் ஒரு புதுக் கட்டிலில் நின்றது. அதன் கால்களில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "பழசுல படுத்தா முதுகு வலிக்குதுன்னு சொல்வியே. ரெண்டு வாரமாச்சு வாங்கி. மெத்தைக்கு நாளைக்குச் சொல்லணும். கெட்டியா வேணுமா, மெத்துனு வேணுமா?"

தூங்குமூஞ்சி, ஆச்சரியமாக, முழுக்க விழித்திருந்தாள்.

"கெட்டியா," என்றார் வார்டன் அக்கா.

"அதானே பார்த்தேன். உங்கப்பா மாதிரி."

மேலும் கால் மணி நேரம் அம்மா மட்டுமே பேசினார். பேசி முடிந்து திரை அணைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னாலதான்க்கா. மன்னிச்சிடுங்க. இப்ப அந்த வேலைக்கு என்ன எழுதப் போறீங்க? வர்றேன்னா, வரலைன்னா?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை மெதுவாகச் சுற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து, கட்டிலுக்கடியில் காலால் துழாவிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, சமையலறைக்குப் போனார். குக்கரைச் சுரண்டும் சத்தம் கேட்டது.