மாப்பிள்ளையைத் தேடிப் பார்த்தேன்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். திருநெல்வேலிக்குக் கடைசி பஸ் எப்போது, மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் என்ன செய்வது, ஆதாரில் முகவரி மாற்ற எங்கே போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் என் கைப்பேசியில் பதில் இருக்கும். கைப்பேசி எல்லோரிடமும்தான் இருக்கிறது. ஆனால் தேடத் தெரிய வேண்டுமே! எனக்குத் தெரியும்.

அக்கா மகளைப் புளியங்குடியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எலுமிச்சை வியாபாரம் செய்யும் குடும்பம். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குமுன் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடையில் உட்கார்ந்து, யாரைப் பற்றியோ பேசுவதுபோல் பேச்சுக் கொடுக்க வேண்டும். பெண்ணின் அப்பாவான அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எதுக்கு அத்தான் வெயில்ல அலையுதீங்க? நான் இங்கன இருந்தே சொல்லுதேன்," என்றேன்.

மாப்பிள்ளையின் பெயர், ஊர், வியாபாரம் மூன்றையும் சேர்த்துத் தேடினேன். சட்டென்று ஒரு பக்கம் வந்தது. அதே பெயர், அதே ஊர், பின்னால் எலுமிச்சை மூட்டைகள். அடுத்த படத்தில் அவர் இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒரு பெண், கழுத்தில் தாலி.

பெண் பார்க்க வந்த அன்று நான் அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் படத்தை அத்தானிடம் நீட்டினேன். கறுப்புக் கண்ணாடி பாதி முகத்தை மறைத்திருந்தது. "அந்த மூக்கப் பாரு. அவனேதான்!" என்று அத்தான் கத்தினார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒருபக்கம் ஆத்திரம், ஒருபக்கம் பெருமை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

வேண்டாம் என்று சொல்லிவிட அத்தான் போனை எடுத்தார். அக்கா மகள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள். நாங்கள் தடுப்பதற்குள் மாப்பிள்ளைக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தீங்கள்ல, அந்தப் பொண்ணுதான் பேசுதேன். ஒங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கா? இன்னும் ஆகலியே! யாரு சொன்னா?"

"எங்க சித்தி நெட்ல பாத்தாங்க. கைக்குழந்தையோட போட்டோ இருக்கு."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "அது எங்க பெரியப்பா மகன். தாத்தா பேர ரெண்டு பேருக்கும் வச்சிட்டாக. வேணும்னா இப்பவே ரெண்டு பேரும் வீடியோல வாரோம்."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் தம்பி ஒவ்வொருவரும் தங்கள் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரையே வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. பெரியவன், சின்னவன் என்று சொல்லித்தான் பிரித்துக் கூப்பிடுகிறோம். ஆனாலும் நான் அசரவில்லை. "வீடியோவில் வரச் சொல்லு, பார்த்துவிடலாம்," என்று அவளுக்குச் சைகை காட்டினேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளாமல் போனை வைத்தாள்.

"அப்பா, எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு. வந்துட்டுப் போன நாள்லேருந்து அத மட்டும் ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல."