அண்டாவுக்கு அடியில் மழைமானி

"மழை இன்னா இவள கேட்டுக்கினா பெய்யுது? படிச்ச புள்ள, டீச்சர் வேலைக்குப் போவாம, தெனம் மலையேறிப் போயி வாளியில எட்டிப் பாத்துட்டு வருது." சித்தப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. என்னை எதிரில் வைத்துக்கொண்டு ஊராரிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். கல்வராயன் மலையில் பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு கோமுகி ஆற்றில் ஓடிவருகிறது என்பது என் ஆராய்ச்சி. கச்சிராயபாளையத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய், ஒரு வீட்டுக் கொல்லையில் நட்டிருந்த மழைமானியைத் தினமும் காலையில் அளந்தேன். அளவு விட்டுப்போனால் தலைப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் மிரட்டியிருந்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

"உன்ன மாதிரி புள்ளைங்களுக்குத்தான் இதெல்லாம். வூட்டுக்குப் போ."

"எனக்குன்னா என்ன வுடுங்க சித்தப்பா. படிக்க எடம் கேட்டுக்கினு, படிக்கிறவளையே மறிப்பீங்களா?"

"வாய் ஜாஸ்தி," என்றார் பக்கத்தில் இருந்தவர். "மழ எங்கயும் ஓடிப் பூடாது, போம்மா."

சிரித்தார்கள். மழை ஓடித்தான் போகும். அதைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார மறியல் முடிந்ததும் மலைக்குப் போனேன். கோமுகி செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. நாள்வாரியாகப் பிரிக்க முடியாவிட்டாலும் மொத்த மழையாவது குடுவையில் சேர்ந்திருக்கும் என்று நம்பினேன். மழைமானிமேல் ஒரு அண்டாவைக் கவிழ்த்திருந்தார்கள். அதன்மேல் கல். குடுவையில் ஒரு சொட்டு இல்லை.

"எதுக்குக்கா மூடுனீங்க?" என்று கத்தினேன்.

வீட்டுக்காரி என்னைவிட உரக்கக் கத்தினாள். "நீ வரல. சர்க்கார் சாமான் மழைல நனைஞ்சி துருப்புடிச்சா யாரு பதில் சொல்றது? நெல்லு அவிக்க அண்டா இல்லாம குந்திக்கினு கீறேன், சண்டைக்கு வர்றா!"

கீழே கள்ளக்குறிச்சியில் பதிவான அளவையே எடுத்து எழுதிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் பேராசிரியர். கீழே வெயிலடிக்கும்போது மேலே கொட்டும். மறியல் நாட்களை வெறுமையாகவே விட்டு அவரிடம் கொடுத்தேன்.

"அப்போ தலைப்பை விட்டுடும்மா. மலையேற ஆம்பளப் பசங்க இருக்காங்க."

அங்கிருந்து நேராகத் துறைத்தலைவரிடம் போய், வேறு வழிகாட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்வரை மழை காத்திருக்காது. சித்தப்பா வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வெள்ளிமலையில் அந்தக் கொல்லைக்கு எதிரிலேயே ஒரு அறை வாடகைக்குப் பிடித்தேன். மறுநாள் காலை அளவை நடந்தே போய் எடுத்தேன்.