டியோலிண்டா வீட்டுச் சுவரில் ஒரு பொந்து

விடிந்ததும் டியோலிண்டா அடுப்புப் பக்கம் போவதில்லை. கொல்லைக்குப் போய், மகன் அறையின் வெளிச்சுவர் அடியில் முழங்காலிட்டு, அங்குள்ள பொந்தில் மூக்கை வைத்து மூச்சை இழுப்பாள். மீனெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த வீச்சம் அடித்தால் ககாரு என்ற கடற்பறவை வந்துவிட்டது என்று அர்த்தம். அட்லாண்டிக் நடுவே உள்ள கோர்வு தீவில் பிப்ரவரி கடைசியில் அவளை இந்தக் கோலத்தில்தான் பார்க்கலாம்.

"என்ன அண்ணி, இன்னிக்கும் மோப்பமா?" என்பான் பக்கத்து வீட்டுக் கொழுந்தன் ஃபிர்மினோ.

"உன் நாத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை, போடா."

விமானத் திடலுக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் ஓயாமல் ககாரு கதைதான். குளிர்காலம் முழுக்கத் தெற்குக் கடலில் திரிகிற பறவை, அதே துணையைத் தேடி அதே பொந்துக்கு வருமாம். ஒரே முட்டை. குஞ்சு கொழுத்ததும் பெற்றவை போய்விடும். அது தனியாகப் பறந்து, பல வருடம் கரையே காணாமல் இருக்கும். "எங்க சுத்தினாலும் தரையில கால் வைக்கணும்னா இங்கதான வரணும்?" என்று முடிப்பாள். அவள் கனடாவுக்குப் போன மகன் எவாரிஸ்டோவைத்தான் சொல்கிறாள் என்று ஊருக்கே தெரியும். ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில், "இந்தத் திருநாளுக்குக் கண்டிப்பா வந்துர்றேம்மா" என்பான். ஒவ்வொரு வருடமும் அதை நம்பி அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். பாவம், அந்த நம்பிக்கை இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது.

இந்த வருடம் முழங்கால் வைத்தியத்துக்காகப் பெரிய தீவுக்குப் போனவள் மார்ச்சில்தான் திரும்பினாள். அவள் இல்லாதபோது ஃபிர்மினோ ஓர் உபகாரம் செய்திருந்தான். குளிர்காலத்தில்தானே இங்கே எல்லோரும் சுவரைச் செப்பனிடுவார்கள்? பொந்தும் அப்போது காலி. எலி வராமல் சிமெண்டு வைத்து நன்றாக அடைத்துவிட்டான்.

அந்தச் சிமெண்டின் மேல் புதிய நகக் கீறல்கள். அடியில் சாம்பல் நிற இறகு இரண்டு.

"அடப்பாவி! வீட்டுக்காரங்க வந்து தட்டியிருக்காங்கடா!" என்று நடுக்கொல்லையில் நின்று அழுதாள்.

கடப்பாரையை எடுத்தவளை ஃபிர்மினோ ஓடிவந்து தடுத்தான். "அண்ணி, மூலைக்கல்லோட சேர்த்துப் பூசியிருக்கேன். நெம்பினா அறையே எறங்கிடும். பையன் வந்தா எங்க படுப்பான்?"

அவள் கை நின்றது. அந்த அறையை அவள் உயிர்போல வைத்திருந்தாள்.

"வந்தவங்க வெளிய நிக்குறாங்க, ஃபிர்மினோ. வராதவனுக்காக..." என்றவள் கடப்பாரையை மறுபடி இறுக்கிப் பிடித்தாள். ஓங்கி ஒரு குத்து. மூலைக்கல் புரண்டது, பாதிச் சுவர் சரிந்து, மகன் கட்டில்மேல் வெயில் விழுந்தது.

ஃபிர்மினோ பொந்துக்குள் வெளிச்சம் படாமல் மேலே பலகைக்கற்களை அடுக்கி, அதன் வாயை மட்டும் திறந்து விட்டான்.

டியோலிண்டா உள்ளே போனாள். எவாரிஸ்டோவின் கட்டிலைக் கரகரவென்று இழுத்துவந்து அடுப்படியில் தன் படுக்கையை ஒட்டிப் போட்டாள். சுண்ணாம்புத் தூளை உதறி, வெளுத்த விரிப்பை விரித்து, கம்பளியின் ஒரு முனையை, ஆள் வந்து நுழைந்துகொள்ள வாகாக, மடித்து வைத்தாள்.